செத்த மாதிரி படுத்துக் கிடக்கும் ஆஸ்கர் குஞ்சு: அவசரப்பட்டு வெளியே கொட்டாதீங்க!

வேலூர்: ஆசை ஆசையாக வாங்கி வந்த ஆஸ்கர் மீன் குஞ்சு, தொட்டியில் விட்டதும் மூலையில் போய் ஒண்டிக் கொள்கிறதா? தீனி போட்டால் திரும்பிக் கூட பார்ப்பதில்லையா? ஒரு பக்கமாகச் சாய்ந்து, செத்த மாதிரி தரையில் படுத்துக் கிடக்கிறதா?

"மீன் போச்சு"ன்னு முடிவு கட்டி குப்பையில் கொட்டி விடாதீர்கள். பல நேரம் அது சாகவில்லை. பயந்து போய் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த பயத்தை எப்படிப் போக்குவது, பயத்துக்கும் நோய்க்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விளக்கமாகப் பார்ப்போம்.

வீட்டில் நடந்த கதை

இதை எழுதுகிற எனக்கே இந்த பாடம் அடிபட்டுத்தான் வந்தது. 4ம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டாள் என்று 2 அடி தொட்டி ஒன்றை வாங்கி, அன்றைக்கே குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, அன்றைக்கே ஒரு ஆஸ்கர் குஞ்சையும் விட்டோம். இரண்டாம் நாள் காலையில் மிதந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் அழுதாள்.

அடுத்த மாதம் சென்னைக்கு வேலையாகப் போனவன், கொளத்தூரில் இறங்கி இன்னொரு குஞ்சு வாங்கி, ரயிலில் காட்பாடி வரை மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். ராத்திரி தொட்டியில் விட்டதும் அது நேராகக் கீழே போய் சாய்ந்து படுத்து விட்டது. இதுவும் போச்சு, பிள்ளை எழுந்திருப்பதற்குள் எடுத்துப் போட்டு விடலாம் என்று விடியற்காலையில் மக்கை தொட்டிக்குள் விட்டேன். பின்னாடி வந்து நின்ற மகள், "அப்பா, கன்னம் அசையுதுப்பா" என்றாள்.

ஆமாங்க, செவுள் மெதுவாக, சீராக அசைந்து கொண்டுதான் இருந்தது. அந்த மீன் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஸ்பூன் சத்தம் கேட்டால் கண்ணாடிக்கு ஓடி வருகிறது. அன்றைக்கு மகள் 5 நிமிடம் தாமதமாக எழுந்திருந்தால், உயிரோடு குப்பைக்குப் போயிருக்கும்.

ஜிலேபிக்கு சொந்தக்காரன்

ஆஸ்கர் என்பது சிக்லிட் என்ற பெரிய மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த குடும்பத்தில் 1,600க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம்ம ஊர் ஏரியில் வலை போட்டால் வரும் ஜிலேபி கெண்டை, கேரளாக்காரர்கள் பொரித்துச் சாப்பிடும் கரிமீன், கண்ணாடித் தொட்டியில் ஏஞ்சல், பிளவர்ஹார்ன் எல்லாமே இதே குடும்பம்தான்.

ஆஸ்கரின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான் நதியில், மெதுவாக ஓடும் தண்ணீரில், மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே வாழும் மீன் இது. அந்த தண்ணீரில் வெளிச்சம் குறைவு. ஒளிந்து கொள்ள இடம் அதிகம். குஞ்சுகளைத் தின்ன வரும் பெரிய மீன்களும் அதிகம்.

சிக்லிட் மீன்களுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. முட்டை போட்டு விட்டு ஓடிப் போகிற ஜாதி இல்லை. ஆஸ்கரில் அப்பா, அம்மா இரண்டும் சேர்ந்து முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். குஞ்சுகள் கூட்டமாகத்தான் வளரும். பண்ணையிலும் கடைத் தொட்டியிலும் கூட கூடப்பிறந்ததுகளோடு நெருக்கிக் கொண்டுதான் இருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கூட்டத்தோடு இருந்த 2 அங்குல குஞ்சை வலையில் பிடித்து, கவரில் அடைத்து, குலுக்கிக் கொண்டு வந்து, நாலு பக்கமும் வெளிச்சமாக இருக்கிற கண்ணாடிப் பெட்டியில் தனியாக விடுகிறோம். ஒளிய ஒரு கல் கூட இல்லை. சுற்றி நாலு முகம் எட்டிப் பார்க்கிறது. பயப்படாமல் என்ன செய்யும்? காட்டில் ஆபத்து வந்தால் அசையாமல் கிடப்பதுதான் தப்பிக்கும் வழி. அதைத்தான் நம் வீட்டுத் தொட்டியிலும் செய்கிறது. குறிப்பாக ஆஸ்கர் மீன், இடம் மாற்றினாலோ, தொட்டிக்குள் கல்லை இடம் மாற்றி வைத்தாலோ கூட சாய்ந்து படுத்து முரண்டு பிடிக்கும். பெரிய ஆஸ்கர்களும் இந்த வேலையைச் செய்யும்.

பயமா, நோயா? எப்படி கண்டுபிடிப்பது?

இதுதான் முக்கியமான விஷயம். இரண்டையும் குழப்பிக் கொண்டால் ஆபத்து.

பயந்த மீன்: தரையிலோ மூலையிலோ கிடக்கும். செவுள் மெதுவாக, ஒரே சீராக அசையும். நிறம் கொஞ்சம் கறுத்தோ வெளுத்தோ போயிருக்கும். ஆஸ்கர் நிமிடத்தில் நிறம் மாற்றக்கூடியது, அதனால் இதை வைத்து பயப்பட வேண்டாம். லைட்டை அணைத்து, ஆட்கள் விலகிப் போய் அரை மணி நேரம் கழித்து தூரத்தில் இருந்து பார்த்தால் நிமிர்ந்து நீந்திக் கொண்டிருக்கும். நாம் கிட்டே போனதும் திரும்ப 'செத்து' விடும்!

தண்ணீர் சரியில்லாத மீன்: மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். செவுள் வேக வேகமாக அடிக்கும், சிவந்திருக்கும். திடீர் திடீரென்று அடித்துக் கொண்டு ஓடும்.

நோய் பிடித்த மீன்: துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கும். கல்லில் உடம்பைத் தேய்க்கும். உடம்பில் ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி வரும். கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்கும்.

முதல் வகை என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவதே வைத்தியம். இரண்டாவது என்றால் உடனே தண்ணீரைக் கவனிக்க வேண்டும். மூன்றாவதுக்குத்தான் மருந்து. ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? மீன் ஒளிந்தாலே நீல மருந்தை ஊற்றி விடுகிறார்கள். நோயே இல்லாத மீனுக்கு ஊற்றும் மருந்து, தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துப் பாதிக்கும்.

முதல் மீன் ஏன் செத்தது?

எங்கள் வீட்டு முதல் மீன் பயத்தில் சாகவில்லை. நாங்கள்தான் கொன்றோம்.

முதல் குற்றவாளி குளோரின். குடிநீர்க் குழாயில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின், மீனின் செவுளை அரித்து விடும். தண்ணீரைப் பிடித்து வாய் அகன்ற பக்கெட்டில் ஏர் பம்ப் போட்டு ஒருநாள் முழுக்க விட்டால் குளோரின் போய் விடும். அவசரம் என்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு ஊற்றலாம்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் பூமிக்குள் இருந்து வருவதால் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதையும் ஒருநாள் ஏர் பம்ப் போட்டு வைத்து விட்டுப் பயன்படுத்துவது நல்லது. சிலர் "சுத்தமான தண்ணி" என்று கேன் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதில் தாது உப்பு மிகக் குறைவு. மீனுக்கு அது நல்லதில்லை. கொஞ்சம் உப்புத் தண்ணீராக இருந்தாலும் ஆஸ்கர் தாங்கும். தாங்க முடியாதது திடீர் மாற்றம்தான்.

இரண்டாவது குற்றவாளி அமோனியா. மீனின் கழிவிலிருந்தும், மிச்சமாகி அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். இது விஷம் குறைந்தது. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய் விடும்.

இந்த பாக்டீரியாக்கள் பில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர்கின்றன. புதுத் தொட்டியில் இவை வளர்ந்து நிலைக்க பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும்போதே அதற்குள் அமோனியா ஏறியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது.

மீன் வாங்கும் முன்பே...

எனவே தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனைப் பிறகு வாங்குங்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பில்டர் ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வையுங்கள். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால், அங்கிருந்து பழைய பில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கி உங்கள் பில்டரில் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அந்த தொட்டியில் நோய் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது முக்கியம். அமோனியா, நைட்ரைட் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் கிடைக்கிறது. இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் வாங்கப் போகலாம்.

"ஏற்கனவே வாங்கிட்டோமே, இப்ப என்ன பண்றது?" என்கிறீர்களா? தினமும் நாலில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள். தீனியை ரொம்பக் குறையுங்கள். டெஸ்ட் கிட்டில் இரண்டும் பூஜ்யம் ஆகும் வரை இதை விடாதீர்கள். சிரமம்தான், ஆனால் மீன் பிழைக்கும்.

தொட்டி அளவும் முக்கியம். 2 அங்குல குஞ்சைப் பார்த்து 2 அடி தொட்டி போதும் என்று நினைக்கிறோம். நன்றாக வளர்ந்தால் ஆஸ்கர் முதல் வருடத்திலேயே 8 அங்குலத்தைத் தாண்டும். முழு வளர்ச்சியில் ஒரு அடி. 10 வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். ஒரே ஒரு ஆஸ்கருக்கு கடைசியில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியாவது வேண்டும். அதில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 250 கிலோ எடை என்பதால் ஸ்டாண்டும் பலமாக இருக்க வேண்டும். இதற்கு வீட்டில் இடம் இல்லை என்றால் சின்ன மீன் வாங்குவதே நல்லது.

கடையில் பார்க்க வேண்டியது

கொளத்தூர் மாதிரி வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் எதை எடுப்பது என்று தலை சுற்றும். நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். துடுப்பை விரித்து நீந்துகிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, வயிறு ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தீனி போடச் சொல்லி, சாப்பிடுகிற குஞ்சையே எடுங்கள். அதே தொட்டியில் செத்த மீன் கிடந்தால் வேறு கடை பாருங்கள். கடையில் என்ன தீனி போடுகிறார்கள் என்று கேட்டு அதையே கொஞ்சம் வாங்கிக் கொள்ளுங்கள். தெரிந்த சாப்பாடு கிடைத்தால் பயம் சீக்கிரம் தெளியும்.

பயணம்: மஞ்சப்பை போதும்

கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் நிரப்பித் தரச் சொல்லுங்கள். அந்த கவரை மஞ்சப்பைக்குள் வைத்து விடுங்கள். இருட்டாக இருந்தால் மீன் அடங்கிக் கிடக்கும். பைக்கில் முன்னாடி தொங்க விட்டு வெயிலில் வருவதும், பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்ட வெளியே எடுத்து எடுத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. கவர் மூடியிருக்கும்போது மீன் விடும் கரியமில வாயு தண்ணீரில் சேர்ந்து அமிலத்தன்மையை ஏற்றுகிறது. அதனால் கவருக்குள் சேர்ந்த அமோனியாவின் விஷம் அடங்கி இருக்கும். கவரைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி விட, அமோனியாவின் விஷம் கூடி விடும். எனவே வழியில் "காத்து விடலாம்" என்று கவரைத் திறக்காதீர்கள். தொட்டி பக்கத்தில் வந்த பிறகு திறந்தால் போதும்.

முதல் ஒரு மணி நேரம்

* தொட்டி லைட்டை அணையுங்கள். ஹால் வெளிச்சத்தையும் குறையுங்கள்.

* மூடிய கவரை அப்படியே தொட்டித் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகி விடும்.

* பிறகு கவரைத் திறந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை கவருக்குள் ஊற்றுங்கள். 20, 25 நிமிடம் இப்படிச் செய்தால் போதும்.

* மீனை மட்டும் மெதுவாக எடுத்து தொட்டியில் விடுங்கள். கவர் தண்ணீரை தொட்டியில் கொட்டாதீர்கள். அதில் அமோனியாவும், கடைத் தொட்டியின் கிருமியும் இருக்கும்.

* தொட்டியை மூடி போட்டு மூடுங்கள். பயந்த ஆஸ்கர் துள்ளி வெளியே விழும். காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும் மீன்கள் பல இப்படிப் போனவைதான்.

* அப்புறம் எல்லோரும் எழுந்து அடுத்த அறைக்குப் போய் விடுங்கள். இதுதான் ரொம்ப கஷ்டமான வேலை!

ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வரும்

"ஒளிய இடம் வெச்சா எப்பவும் உள்ளேயே இருக்குமே, காசு குடுத்து வாங்கின மீனை பார்க்கவே முடியாதே" என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். ஓடிப் போய் ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மீன் தைரியமாக வெளியே வரும். இடமே இல்லாத மீன், மூலையிலேயே ஒட்டிக் கிடக்கும்.

இதற்கு காசு செலவு பண்ண வேண்டாம். வர்ணம் பூசாத, உடைந்த முனை இல்லாத மண் சட்டி அல்லது பூந்தொட்டியைக் கழுவி சாய்த்து வையுங்கள். குஞ்சு முழுதாக நுழையும் அளவு பிவிசி பைப் துண்டு ஒன்றைப் போடலாம். வழவழப்பான பெரிய கல் இரண்டை அசையாமல் வையுங்கள். ஆஸ்கர் தோண்டும் பழக்கம் உள்ளது. கல் மேல் கல் அடுக்கினால் சரிந்து மீன் மேலேயோ கண்ணாடி மேலேயோ விழும்.

தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் பேப்பரை ஒட்டி மறையுங்கள். படித்து முடித்த பழைய பேப்பரே போதும். நாலு பக்கமும் ஆபத்து வரலாம் என்று பயந்த மீனுக்கு, ஒரே ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும் என்ற நிம்மதி வரும். ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு பக்கமாக எடுக்கலாம். பின்பக்கத்தை நிரந்தரமாக கருப்பு அல்லது கருநீலத் தாளால் மறைத்து விடுவது நல்லது.

ஹாலில் எங்கே வைப்பது?

டி.வி. ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். வாசல் கதவு பக்கமும் வேண்டாம். மீனுக்கு காது வெளியே தெரியாது என்றாலும் சத்தமும் அதிர்வும் நன்றாகவே தெரியும். உடம்பின் இரண்டு பக்கமும் ஓடும் பக்கவாட்டுக் கோடு, தண்ணீரில் ஏற்படும் சின்ன அசைவைக் கூட உணரும். கண்ணாடியில் விரலால் தட்டுவது அதற்கு தலையில் இடி விழுந்த மாதிரி. வீட்டுப் பிள்ளைகளுக்கும், வந்து போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதை முதலிலேயே சொல்லி விடுங்கள்.

மீனுக்கு கண் இமை கிடையாது. இருட்டில் திடீரென்று தொட்டி லைட்டைப் போட்டால் அடித்துக் கொண்டு ஓடி கண்ணாடியில் மோதும். முதலில் அறை லைட்டைப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து தொட்டி லைட்டைப் போடுங்கள். அணைக்கும்போது தொட்டி லைட்டை முதலில் அணையுங்கள். முதல் நாள் தொட்டி லைட்டே வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து 2, 3 மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

சாப்பிடலையே... என்ன செய்ய?

முதல் நாள் தீனியே போடாதீர்கள். இரண்டாம் நாள் மாலை, வெளிச்சம் குறைந்த நேரத்தில் 2 அல்லது 3 சின்ன உருண்டை தீனி போட்டு விட்டு விலகி நில்லுங்கள். 10 நிமிடத்தில் சாப்பிடவில்லை என்றால் வலையால் எடுத்து விடுங்கள். விட்டு வைத்தால் அழுகி அமோனியா ஆகும். "பசிக்குமே" என்று மறுபடி மறுபடி அள்ளிப் போடுவதுதான் பல மீன்களின் உயிரை எடுக்கிறது.

மற்றபடி நன்றாக இருக்கும் குஞ்சு 3, 4 நாள் சாப்பிடாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். உருண்டை தீனியை தொடவில்லை என்றால், உறைய வைத்த ரத்தப்புழுவை கரைத்து கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பூச்சி மருந்து அடிக்காத மண்ணில் எடுத்த மண்புழுவைக் கழுவி, பொடியாக நறுக்கிப் போடலாம். உப்பு, மசாலா படாத இறால் துணுக்கும் ஆகும். ஒரு வாரம் தாண்டியும் வாயில் எதையும் வைக்கவில்லை, வயிறு ஒட்டுகிறது என்றால், தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சின்ன கோல்ட் பிஷ் குஞ்சுகளை உயிரோடு போட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இது கெடுதல். அந்த மீன்களோடு நோய் உள்ளே வரும். அதோடு கோல்ட் பிஷ் உடம்பில் வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதையே தின்று வளரும் ஆஸ்கருக்கு அந்த சத்து குறைந்து போகும். சாக்கடை ஓரம் எடுக்கும் ட்யூபிபெக்ஸ் புழுவிலும் கிருமி ஆபத்து உண்டு.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள் தீனி போடுவது நல்லது. எங்கள் வீட்டில் மகள், தொட்டி ஸ்டாண்டில் ஸ்பூனை லேசாக ஒருமுறை வைத்து விட்டுத்தான் தீனி போடுவாள். முதல் 3 நாள் மீன் சட்டிக்குள்ளேயே இருந்தது. 4ம் நாள் தலையை மட்டும் நீட்டியது. 6ம் நாள் அவள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே வந்து ஒரு உருண்டையைக் கவ்விக் கொண்டு உள்ளே ஓடியது. 3 வாரத்தில் ஸ்பூனைக் கண்டாலே வால் ஆட்ட ஆரம்பித்தது. மனைவி போய் நின்றால் வராது, மகள் போனால் வரும்.

துணைக்கு இன்னொரு மீன் விடலாமா?

விடலாம், யோசித்து விட வேண்டும். பயமில்லாமல் கூட்டமாக நீந்தும் மீன்கள் மேலே சுற்றினால், "ஆபத்து இல்லை போல" என்று ஒளிந்திருக்கும் சிக்லிட் வெளியே வரும். இதற்கு சில்வர் டாலர் மாதிரி உயரமான உடம்புள்ள மீன்கள் பொருத்தம். ஆனால் அவை கூட்டமாக இருக்க வேண்டியவை, பெரிதாகவும் வளரும். 4 அடியை விடப் பெரிய தொட்டி இருந்தால் மட்டும் பாருங்கள்.

கப்பி, நியான் மாதிரி பொடி மீன்களை விடாதீர்கள். ஆஸ்கர் வாய்க்குள் நுழைகிற எதுவும் அதற்கு சாப்பாடுதான். முரட்டு பிளவர்ஹார்னோடு விட்டால் குஞ்சு கடிபட்டே சாகும். ஒரே அளவில் இரண்டு ஆஸ்கர் குஞ்சு சேர்த்து வாங்கினால் தைரியமாக இருக்கும். பெரிதானதும் அதற்கேற்ற பெரிய தொட்டி இல்லை என்றால் அடிதடி வரும்.

வெயிலும் கரண்ட் கட்டும்

ஆஸ்கருக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பம் சரி. நம்ம வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் தொட்டித் தண்ணீரும் சூடாகும். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். மேல்மட்டத் தண்ணீர் மீது பேன் காற்று படச் செய்யுங்கள். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டிலை மிதக்க விடலாம். ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது.

கரண்ட் போனால் முதல் வேலை, தீனியை நிறுத்துவது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லை என்றால் மக்கில் தண்ணீரை மோந்து கொஞ்சம் உயரத்தில் இருந்து அதே தொட்டியில் மெதுவாக ஊற்றினாலும் காற்று கலக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கழுவல் வேண்டாமே!

மீனை பக்கெட்டில் எடுத்து விட்டு, தொட்டியை சோப்பு போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சை குழாயில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பி மறுபடி மீனை விடுகிற வீடுகள் நிறைய. இப்படிச் செய்தால் பாடுபட்டு வளர்ந்த பாக்டீரியா போய், தொட்டி மறுபடி முதல் நாளுக்கு வந்து விடும். தெளிந்து கொண்டிருந்த மீனும் மறுபடி மூலைக்குப் போய் விடும். "வாரா வாரம் கழுவறேன், ஆனாலும் மீன் சாகுது" என்பவர்களுக்குப் பதில் இதுதான். கழுவுவதால்தான் சாகிறது!

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் அழுக்கானால், எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே அலசி வையுங்கள். சோப்பு கையோடு தொட்டிக்குள் கை விடவே கூடாது.

பயத்தில் இருக்கும் மீனுக்கு எதிர்ப்பு சக்தி குறையும். அதனால்தான் புது இடம் வந்த முதல் 2 வாரத்தில் வெள்ளைப் புள்ளி நோய் எட்டிப் பார்க்கும். புள்ளி தெரிந்தால் ஏர் பம்பைக் கூட்டி, தண்ணீர் சூட்டை மெதுவாக 30 டிகிரி வரை கொண்டு போய், லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல் உப்பை தனியாகக் கரைத்து இரண்டு மூன்று தவணையாக ஊற்றலாம். புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். குறையவில்லை என்றால் மருந்துக்குப் போகலாம்.

வளர்ந்த பிறகு ஏரியில் விடாதீர்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். மீன் பெரிதானதும் இடம் போதவில்லை என்று ஏரியிலோ கிணற்றிலோ விட்டு விடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிற பாவம் அது. 1952ல் நம் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்ட ஜிலேபி கெண்டை இன்று எத்தனை ஏரிகளில் நிறைந்து கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தொட்டியில் இருந்து வெளியேறிய சக்கர் மீன் வலைகளைக் கிழிப்பதை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் இதே ஆஸ்கர் வாய்க்கால்களில் பெருகி நிற்கிறது. வைத்துக் கொள்ள முடியவில்லை என்றால் கடையிலோ, பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுத்து விடுங்கள்.

எங்கள் வீட்டு ஆஸ்கருக்காக நாங்களும் 2 அடி தொட்டியை மாற்றி 4 அடிக்கு வந்து விட்டோம். புதுத் தொட்டிக்கு மாற்றிய அன்றும் அது பழையபடி சாய்ந்து படுத்துக் கொண்டது. வீட்டுக்கு வந்த உறவுக்காரர், "ஐயையோ, மீன் செத்துடுச்சே" என்று பதறினார். மகள் எழுந்து போய் லைட்டை அணைத்து விட்டு, "ஒண்ணும் ஆகல மாமா, பயந்துக்கிட்டு இருக்கு. நாம அந்த ரூமுக்குப் போயிடலாம், தானா எழுந்திரிக்கும்" என்றாள்.

மறுநாள் காலை எழுந்து நீந்தியது.